மரக் கப்பல் மாடல்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

மரக் கப்பல் மாடல் கட்டுபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தப்பு எங்கே கண்ணில் படுகிறதோ அங்கேயே பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். பலகை ஓரம் தூக்கினால் அந்தப் பலகையைத்தான் திட்டுவார்கள். உண்மையில் அது பத்துப் பலகைக்கு முன்பே, சில சமயம் பலகையே ஒட்டாத கட்டத்திலேயே, ஆரம்பித்திருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் முதலில் காரணம், பிறகுதான் வைத்தியம்.

நான் மனதில் வைத்து எழுதுவது கிட்களில் (வெட்டிய பாகங்களோடு பெட்டியில் வரும் தொகுப்புகளில்) அதிகம் வரும் கட்டுமானத்தை: பிளைவுட்டில் வெட்டிய நடுச் சட்டம், அதன் குறுக்கே செருகும் பல்க்ஹெட்டுகள், அவற்றின் மேல் இரண்டு அடுக்குப் பலகை. முதல் அடுக்கு சுமார் 1.5 மி.மீ. லைம் அல்லது பாஸ்வுட். இரண்டாவது 0.5 மி.மீ. வால்நட் போன்ற பார்வைக்கான மரம். ஒரே அடுக்கு மாடல் என்றாலும் பெரும்பாலானவை பொருந்தும். தப்பை மறைக்க இன்னொரு அடுக்கு கிடையாது என்பதுதான் வித்தியாசம்.

எதையும் பிரிப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். அந்த இடம் இரண்டாவது அடுக்கிலோ பெயின்ட்டிலோ மறையப்போகிறதா? மறையும் என்றால், தடவிப் பார்த்து வழுவழுப்பாக இருந்தால் போதும், அழகு வேண்டாம். அடுத்து, என்ன பசை போட்டீர்கள்? வெள்ளைப் பசை (பிவிஏ) என்றால் பிழைத்தீர்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை ஒட்டு மேல் வைத்து, ஆவியாகாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி விட்டால், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் பசை ரப்பர் மாதிரி இளகும். மெல்லிய கத்தியை நுழைத்துப் பிரிக்கலாம். தண்ணீர் புகாத வகைப் பசை கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். சூப்பர் குளூ என்றால் அசிட்டோன்தான் வழி. அது பக்கத்தில் இருக்கும் பெயின்ட்டையும் வார்னிஷையும் சேர்த்தே கரைக்கும், தீயும் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். கப்பல் உடலுக்குப் பலகை ஒட்ட வெள்ளைப் பசையே மேல் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்தப் பிரிக்கும் வசதிதான்.

நடுச் சட்டம் பெட்டியிலிருந்தே வளைந்து வந்திருக்கிறது

சட்டத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓரத்தோடு பாருங்கள். மேசையில் படுக்க வைத்துப் பார்த்தால் சின்ன வளைவு தெரியாது. வளைந்திருந்தால் இரு பக்கமும் ஈரத்துணியால் துடைத்து, இரண்டு தட்டையான பலகைக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி ஓரிரு நாள் விடுங்கள். காய்ந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் கவலை வேண்டாம். பல்க்ஹெட்டுகளுக்கு இடையில் சதுர மரத்துண்டுகளை இறுக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் சட்டம் நேராகிவிடும். ஒவ்வொரு துண்டு ஒட்டியதும் ஓரத்தைப் பாருங்கள். கேட்காமல் திரும்பவும் முறுக்கிக்கொள்ளும் சட்டத்தை நல்ல பிளைவுட்டில் படியெடுத்து வெட்டிவிடுவதே புத்திசாலித்தனம். இந்த வளைவோடு கட்டிய உடலைப் பின்னால் யாராலும் நிமிர்த்த முடியாது.

பலகை ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பெரும்பாலும் அணியத்தில் (கப்பலின் முன்முனையில்)

எல்லோரையும் படுத்தும் கோளாறு இதுதான், அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம்.

முதலில் விரலால் தடவுங்கள். பலகையின் ஒரு ஓரம் மட்டும் படிபோல் நிற்கிறதா, அல்லது பலகை முழுவதுமே ஒரு பல்க்ஹெட்டின் மேல் மேடாகவோ பள்ளமாகவோ இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு நோய்.

மேடு பள்ளம் என்றால் பல்க்ஹெட்டுகளைச் சீவிய வேலை முடியவில்லை. லேசரில் வெட்டிய பல்க்ஹெட்டின் ஓரம் கருகியிருக்கும் அல்லவா, அந்தக் கருப்பே உங்களுக்கு அளவுகோல். கப்பலின் நடுவுக்கு முன்னால் இருக்கும் பல்க்ஹெட்டுகளில் முன்விளிம்புதான் தேயவேண்டும். பின்விளிம்பில் மயிரிழை அளவு கருப்புக் கோடு மிச்சம் இருக்கவேண்டும். நடுவுக்குப் பின்னால் இருப்பவற்றில் இது தலைகீழ். கோடு மறைந்துபோயிருந்தால் அதிகம் தேய்த்துவிட்டீர்கள். மெல்லிய மரச்சீவலை ஒட்டி மறுபடி சீவுங்கள். கருப்பு பட்டையாகவே நின்றால் இன்னும் தேய்க்கவேண்டும். சரிபார்க்க ஒரு முழுப் பலகையைப் பசையில்லாமல் நான்கைந்து பல்க்ஹெட்டுகள் மேல் சாத்தி, கையால் லேசாக அழுத்துங்கள். ஒவ்வொரு பல்க்ஹெட்டின் முழு அகலத்திலும் அது உட்காரவேண்டும். ஒரு விளிம்பை மட்டும் தொட்டு நின்றால் இன்னும் வேலை இருக்கிறது. டெக் (மேல்தளம்) மட்டத்தில் ஒரு முறை, நடு உயரத்தில் ஒரு முறை, கீலுக்கு (அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டைக்கு) அருகில் ஒரு முறை என்று சாத்திப் பாருங்கள்; நடு உயரத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடித்துக்கொள்பவர்களுக்குத்தான் பின்னால் பட்டி டப்பா காலியாகும்.

ஓரம் மட்டும் தூக்குகிறது என்றால் பலகையைப் பக்கவாட்டில் வளைக்கச் சொல்லிக் கேட்கிறீர்கள் என்று பொருள். மரப்பட்டை தட்டைப் பக்கமாக எளிதில் வளையும். அகலத்தின் திசையில் வளையாது. வற்புறுத்தினால் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு தப்பிக்கும். அப்படி வற்புறுத்த நேர்வது ஏன்? பலகையைக் கூர்ப்பாக்கவில்லை, அதாவது முனையை நோக்கி அதன் அகலத்தைக் குறைக்கவில்லை.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கப்பலின் நடுவில் பல்க்ஹெட் ஓரத்தின் நீளத்தை, டெக் மட்டத்திலிருந்து கீல் வரை, ஒரு காகிதப் பட்டையால் அளக்கிறீர்கள், 120 மி.மீ. வருகிறது. பலகை அகலம் 5 மி.மீ. என்றால் ஒரு பக்கத்துக்கு 24 பலகை. இப்போது அணியத்தில் அதே மாதிரி அளந்தால் 66 மி.மீ.தான் வருகிறது. அதே 24 பலகையும் அங்கே போய்ச் சேரவேண்டும் என்றால் ஒவ்வொன்றும் அங்கே 2.75 மி.மீ. இருந்தால்தான் இடம் இருக்கும். 5 மி.மீ. அகலத்தோடு கொண்டுபோனால் என்ன ஆகும்? பதின்மூன்றாவது பலகையிலேயே இடம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொன்றும் மேலே ஏறி மடங்கும். கூட்டம் அணியத்தில் தெரிகிறது, ஆனால் தப்பு முதல் பலகையைக் கூர்ப்பாக்காமல் ஒட்டியபோதே தொடங்கிவிட்டது.

எனவே ஒவ்வொரு பல்க்ஹெட்டிலும் பலகை எண்ணிக்கைக்குச் சமமாகப் பங்கு பிரித்துப் பென்சிலில் குறியிடுங்கள். பலகையை அந்தக் குறிகளுக்கு ஏற்ப, நடுவிலிருந்து முனைக்கு மெதுவாகக் குறையும்படி, உலோக அளவுகோலும் கத்தியும் வைத்துச் சீவுங்கள். ஒரு வரம்பு உண்டு: பலகையின் முனை முழு அகலத்தில் பாதிக்குக் கீழே போகக் கூடாது. போனால் கூர் மிக மெல்லியதாகி, ஆணியும் பிடிக்காது, பசையும் நிற்காது. பாதிக்கும் கீழே கேட்கிறது என்றால் அங்கே இரண்டு பலகைகள் ஒன்றாக முடியும்படி எண்ணிக்கையைக் குறையுங்கள்.

பின்புறத்தில் பெரும்பாலும் எதிர்க் கதை. அங்கே ஓர நீளம் 132 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 5.5 மி.மீ. வேண்டும், கையில் இருப்பது 5. மொத்தம் 12 மி.மீ. பற்றாக்குறை. பலகைகள் விசிறிபோல் விரிந்து முக்கோண இடைவெளி தெரிவது இதனால்தான். அந்த இடைவெளியை இழுத்து மூடப் பார்க்காதீர்கள். பலகைகளை அவை விரும்பும் வழியில் படுக்க விட்டு, நடுவே இரண்டு மூன்று ஆப்புப் பலகைகளைச் செருகுங்கள். உண்மைக் கப்பல் தச்சர்களும் செய்ததுதான் இது.

இன்னொரு ஒளிந்த காரணம், கீலை ஒட்டிய முதல் பலகை. அதன் முன்முனை கீலோடு தாழ்வாகவே நிற்கவேண்டும். நிறையப் பேர் அதை அணியத்தின் வளைவோடு மேலே ஏற விட்டுவிடுவார்கள். அது ஏறிய அளவு இடம் மற்ற பலகைகளுக்குப் பறிபோகும். கடைசியில் மூடவேண்டிய இடைவெளி விநோத வடிவத்தில் வந்து நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தப் பலகையைத்தான்.

ஏற்கனவே ஒட்டியாகிவிட்டது, இப்போது என்ன செய்வது? முதல் அடுக்காக இருந்து, தூக்கல் அரை மி.மீ.க்குள் என்றால் தேய்த்துவிடுங்கள், 1.5 மி.மீ. மரத்தில் அதற்கு இடம் உண்டு. அதற்கு மேல் என்றால் தூக்கிய பலகைகளை ஆல்கஹால் வைத்துப் பிரித்து, மிச்சம் இருக்கும் இடத்தை மறுபடி அளந்து, மீதிப் பலகைகளுக்குப் புதிதாகப் பங்கு பிரித்தால் போதும். முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை.

மெல்லிய பலகையைப் பக்கவாட்டிலும் ஓரளவு வளைக்க ஒரு வழி இருக்கிறது. பலகையை மேசைமேல் தட்டையாக வைத்து, இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு, தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, ஹேர் டிரையரால் சூடேற்றி, அப்படியே ஆற விடுங்கள். விட்டதும் கொஞ்சம் திரும்பும், அதற்காகத்தான் அதிகமாக வளைக்கச் சொன்னது. ரேகை (மர இழையின் ஓட்டம்) நேராக உள்ள மரத்தில் நன்றாக வேலை செய்யும்.

வளைக்கும்போது பலகை முறிகிறது

மரத்தை இளக்குவது ஈரம் மட்டும் அல்ல, சூடுதான் முக்கியம். ஈரமான மரத்தின் லிக்னின் (நாரைப் பிணைத்து வைக்கும் பொருள்) 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நன்றாக இளகும். பச்சைத் தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போட்ட பலகையைவிட, கால் மணி நேரம் வெந்நீரில் கிடந்து, பிறகு சால்டரிங் அயர்ன் போன்ற சூடான உலோகத்தின் மேல் மெதுவாக இழுத்து வளைத்த பலகை நன்றாகக் கேட்கும்.

முறிவு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். குறுக்கே பட்டென்று ஒடிந்தால் சூடு போதவில்லை அல்லது அவசரப்பட்டுவிட்டீர்கள். நீளவாக்கில் சாய்வாகப் பிளந்தால் ரேகை ஓரத்தை விட்டு வெளியே ஓடுகிறது. அந்தப் பட்டையை நேராக வரும் இடத்துக்கு ஒதுக்கிவிட்டு, வளைவுக்கு வேறு எடுங்கள். வால்நட் பட்டைகளில் இது சகஜம். கிட்டில் வந்த பட்டைகளை முதலிலேயே ரேகை பார்த்து இரண்டு கட்டாகப் பிரித்து வைப்பது நல்லது. அம்மோனியாவில் ஊறப்போடும் யோசனையை யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். நாற்றம் ஒரு பக்கம், வால்நட் நிறம் கெடுவது இன்னொரு பக்கம்.

ஒட்டி முடித்த பலகைகளுக்கு இடையே இடைவெளி விழுகிறது

ஈரத்தோடு ஒட்டியிருக்கிறீர்கள். மரம் ஈரத்தில் அகலத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளத்தில் மாற்றம் சொல்லும்படி இருக்காது. வளைத்த பலகையை இடத்தில் கிளிப் போட்டுக் காயவிட்டு, மறுநாள் எடுத்து ஒட்டினால் இந்தத் தொல்லையே வராது. இப்போது விழுந்துவிட்ட இடைவெளிக்கு, அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைப்பதைவிட, அதே மரத்தில் மெல்லிய சீவல் எடுத்துச் செருகி ஒட்டுவது மேல். தூளும் பசையும் கலந்த பட்டி ஸ்டெயினை (மரத்துக்குப் பூசும் சாயத்தை) உறிஞ்சாது, பின்னால் கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

உடல் முறுக்கிக்கொண்டது

ஒரு பக்கத்தில் மட்டும் ஏழெட்டுப் பலகை ஒட்டிவிட்டு மறுபக்கம் போயிருப்பீர்கள். இடது ஒன்று, வலது ஒன்று என்றே போகவேண்டும். பாதியில் கண்டுபிடித்தால், உடலை நேராக்கும் ஒரு பிடியில் இறுக்கி வைத்து எதிர்ப்பக்கத்தை நிரப்புங்கள். லேசான முறுக்கல் சரியாகிவிடும். முழுக்க மூடிய பிறகு தெரிந்தால், அந்த உடலோடு சமாதானமாகப் போய்விடுவதுதான் வழி. அதற்கேற்ப டெக்கையும் பாய்மரத்தையும் கண்ணுக்கு நேராக நிறுத்துங்கள்.

பின்புறம் தடித்துவிட்டது, சுக்கான் பொருந்தவில்லை

வழிமுறைக் காகிதம் ஒரே வரியில் கடந்துபோகும் இடம் இது. சுக்கானைத் தாங்கும் பின்தூண் 5 மி.மீ. தடிமன் என்று வையுங்கள். நடுச் சட்டமும் 5 மி.மீ. அதன் ஒவ்வொரு பக்கமும் 1.5, 0.5 என்று இரண்டு அடுக்குப் பலகை வந்து முடிகிறது. மொத்தம் 9 மி.மீ. ஆகிவிடும், 5 மி.மீ. தூணுக்குப் பக்கத்தில் வீங்கிப்போய் நிற்கும். பலகை ஒட்டுவதற்கு முன்பே நடுச் சட்டத்தின் பின்விளிம்பை 1 மி.மீ. வரை, இரு பக்கமும் 2 மி.மீ. வீதம், சரிவாகச் சீவியிருக்கவேண்டும். மேல்நோக்கிப் போகப்போகச் சரிவு குறைந்து, பலகை சட்டத்தை விட்டுப் பிரியும் கோட்டில் முடியும்.

முதல் அடுக்கு ஒட்டிய பிறகு உணர்ந்தால் பெரிய மோசமில்லை. அந்த இடத்தில் முதல் அடுக்கையே கூர் உளியால் காகிதம்போல் ஆகும்வரை சீவிவிடுங்கள். கீழே கெட்டியான சட்டம் இருப்பதால் ஓட்டை விழாது. இரண்டாம் அடுக்கும் ஒட்டியாகிவிட்டது என்றால், தூணையும் சுக்கானையும் தடிமனாகச் செய்துகொள்வதே குறைந்த சேதம். அதுவும் பார்வைக்கு உறுத்தும்தான், ஆனால் வால்நட்டைச் சீவி லைம் தெரிய விடுவதைவிடப் பரவாயில்லை.

பீரங்கி ஜன்னல்கள் ஒரு வரிசையில் இல்லை

பலகை ஓடும் கோட்டைப் பார்த்து வெட்டியிருப்பீர்கள். ஜன்னலின் அடிவிளிம்பு டெக்கின் வளைவோடு இணையாகப் போகும். பக்க விளிம்புகள் நீர்மட்டத்துக்குச் செங்குத்தாக நிற்கும். பக்கப் பலகையின் போக்குக்கும் ஜன்னலுக்கும் சம்பந்தமில்லை. வெட்டுவதற்கு முன் ஒரு பீரங்கியை வண்டியோடு டெக்கில் வைத்து, குழாய் ஜன்னலின் நடுவில் வருகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. பிசகு 1 மி.மீ.க்குள் என்றால் உள்சட்டத்தை ஒரு பக்கம் தடிமனாக வைத்துச் சரிக்கட்டலாம். அதற்கு மேல் என்றால் அதே மரத்தில் துண்டு வைத்து அடைத்து மறுபடி வெட்டுங்கள்.

டெக்கில் கருப்பு இழுவிவிட்டது

டெக் பலகைகளுக்கு நடுவே தார் அடைத்த கோட்டைக் காட்ட மார்க்கர் பேனா போட்டிருந்தால், வார்னிஷ் பட்டதும் மை மரத்துக்குள் பரவும். பென்சில் போட்டிருந்து, உப்புத்தாளால் தேய்த்திருந்தால் கிராஃபைட் தூள் வெளிறிய மரமெல்லாம் அப்பிக்கொள்ளும். பென்சில் பரவலுக்கு வைத்தியம் எளிது: உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, பிளேடின் முனையைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள். சுருள் சுருளாக மரம் வரும், கருப்பும் அதோடு போய்விடும். மார்க்கர் மை பரவினால் அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்த முறை பலகையின் ஒரு ஓரத்தில் மட்டும் 2பி பென்சில் தேயுங்கள். இரண்டு ஓரமும் தேய்த்தால் கோடு தடிக்கும். நிஜக் கப்பலில் அந்த இடுக்கு ஒரு சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் 1:64 அளவில் 0.16 மி.மீ.தான். டெக்கில் கோடுகள் மட்டும் தெரிந்து மரம் தெரியாமல் போன மாடல்கள் எத்தனையோ உண்டு.

ஸ்டெயின் திட்டுத்திட்டாக விழுகிறது. வார்னிஷில் வெள்ளை படர்கிறது

வெளிறிய திட்டு, கூர்மையான ஓரத்தோடு இருந்தால் அது பசை. சூப்பர் குளூ வழிந்த இடத்தில் மரத்தின் துவாரங்கள் அடைபட்டுவிடும், நிறம் இறங்காது. ஸ்டெயின் போடுவதற்கு முன் உடல் முழுவதையும் ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்தால் பசை இருக்கும் இடமெல்லாம் நனையாமல் வெளிறித் தெரியும், அப்போதே சுரண்டிவிடலாம். ஓரமில்லாமல் மேகம்போல் கருத்த திட்டு என்றால் மரத்தின் குணம். பாஸ்வுட்டும் பைனும் ஒரு இடத்தில் அதிகம் குடிக்கும், ஒரு இடத்தில் குறைவாகக் குடிக்கும். நன்றாக நீர்த்த ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) ஒரு கை பூசி, காய்ந்ததும் லேசாகத் தேய்த்துவிட்டு ஸ்டெயின் போட்டால் சமமாக இறங்கும்.

ஷெல்லாக்கில் பால்போல் வெள்ளை படர்ந்தால் காற்றில் ஈரம் அதிகம். வறண்ட நாளில் ஆல்கஹால் தொட்ட துணியால் லேசாக இழுத்துவிட்டால் தெளிந்துவிடும். ஒட்டுகளைச் சுற்றி மட்டும் வெண்மை என்றால் சூப்பர் குளூவின் ஆவி படிந்தது. எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் மறையும்.

எண்ணெய் பூச்சு என்றதும் ஒரு எச்சரிக்கை: லின்சீட் எண்ணெய், டங் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு போடுங்கள்.

பெயின்ட்

டேப் ஓரத்தில் நிறம் கசிந்தால், ஒட்டிய டேப்பின் ஓரத்தை முதலில் அடிநிறத்தாலேயே ஒரு கை மூடவேண்டும்; கசிவது அடிநிறமாக இருப்பதால் தெரியாது. அதன் மேல் இரண்டாம் நிறம். தொட்டால் ஒட்டாத பதத்திலேயே டேப்பைத் தன்மேலேயே மடித்து இழுங்கள். பெயின்ட் சொரசொரவென்று நின்றால், தண்ணீர் கலந்த பெயின்ட் மர நாரை எழுப்பியிருக்கிறது. பூசுவதற்கு முன் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, நாரை எழுப்பி, தேய்த்து, சீலர் போட்டுவிடவேண்டும்.

நீர்க்கோடு சாய்ந்து தெரிகிறதா? கீலை மேசையில் தட்டையாக வைத்து வரைந்திருப்பீர்கள். பல கப்பல்கள் முன்னைவிடப் பின்னால் ஆழமாக அமிழும். கீல் சாய்ந்திருந்தால்தான் நீர்க்கோடு மட்டமாக வரும். வரைபடத்தில் நீர்க்கோட்டுக்கும் கீலுக்கும் உள்ள தூரத்தை இரு முனையிலும் அளந்து, அந்த வித்தியாசத்துக்கு அணியத்தின் அடியில் முட்டுக் கொடுத்த பிறகு பென்சிலை ஒரே உயரத்தில் கட்டிச் சுற்றி வாருங்கள்.

செப்புத் தகடு கருத்துவிட்டது

விரல் ரேகை வடிவில் கருப்பு என்றால் வியர்வை. வினிகரில் சிறிது உப்பு கரைத்து மென்மையான துணியால் துடைத்து, சமையல் சோடா கரைத்த நீராலும் பிறகு வெறும் நீராலும் துடைத்து, உடனே உலர்த்துங்கள். இனிமேல் கையுறை போடுங்கள். வார்னிஷ் போட்டு ரேகையை உள்ளே பூட்டிவிட்டால் அது வெளியே வராது. சீராகக் கருப்பது வேறு, அது செம்பின் இயல்பு. நான் அதை அப்படியே விட்டுவிடச் சொல்வேன்.

தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் திசை தவறாகத் தெரிந்தால் ஆரம்பித்த இடம் தவறு. கீலின் பின்முனையில் தொடங்கி முன்னோக்கியும் மேல்நோக்கியும் போகவேண்டும். அப்போதுதான் முன் தகடு பின் தகட்டை மூடும். தகட்டு அளவும் கவனிக்கவேண்டும்: பிரிட்டிஷ் கடற்படைத் தகடு சுமார் 4 அடி நீளம், 14 அங்குல அகலம், 1:64 அளவில் 19க்கு 5.6 மி.மீ. எல்லாம் சரியாக ஒட்டியும் ஏதோ பொருந்தாமல் தோன்றினால் கப்பலின் வயதைப் பாருங்கள். பிரிட்டிஷ் கடற்படை 1761-ல்தான் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலில் செப்புத் தகடு அடித்துச் சோதித்தது. 1628-ல் மூழ்கிய ‘வாசா’ போன்ற கப்பலுக்குச் செம்பு கிடையாது. அந்தக் காலத்துக் கப்பல்களின் அடிப்பாகத்துக்கு மங்கிய வெள்ளைதான் பொருத்தம்.

அலங்காரச் சிற்பங்கள் பின்சுவரில் படியவில்லை

கிட்டில் வரும் சிற்பம் தட்டையாக இருக்கும்; கப்பலின் பின்சுவரோ இரு திசையிலும் வளைந்திருக்கும். பசையை அதிகம் போட்டு அழுத்தினால் நடுவில் ஒட்டி ஓரம் தூக்கும். ரெசின் என்றால் வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டால் இளகும், இடத்தில் வைத்து அழுத்திப் பிடித்து ஆற விடுங்கள். வெள்ளை உலோக வார்ப்பு என்றால் முதுகுப்புறத்தை அரத்தால் மெல்லியதாக்கி, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். விறைப்பாக இருந்தால் மறைவான மடிப்பில் இரண்டாக வெட்டி ஒட்டுவது நல்லது. எபாக்சி போடுங்கள், சூப்பர் குளூ இடைவெளியை நிரப்பாது.

தங்க நிறம் பொம்மைக் கடைத் தகரம்போல் பளிச்சிடுகிறது என்பது இன்னொரு புகார். வெள்ளை அடிப்பூச்சின் மேல் நேரடியாகத் தங்கம் பூசினால் அப்படித்தான் இருக்கும். மஞ்சள் கலந்த பழுப்பு அடியில் போட்டு, உலர்ந்த தூரிகையால் மேடான பாகங்களில் மட்டும் தங்கத்தைத் தொட்டு, பள்ளங்களில் நீர்த்த அடர்பழுப்பை ஓட விடுங்கள். ஆடை மடிப்பும் முகமும் அப்போதுதான் எழும். உரிந்து வரும் பெயின்ட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வார்ப்பின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்பும் பழைய டூத்பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, உலோக பிரைமர் அடித்த பிறகே நிறம்.

கயிறு வேலையில்

நூலில் பிசிறு நிற்கிறது: பருத்தி நூல். தேன்மெழுகின் மேல் இழுத்து, ஹேர் டிரையர் காட்டி, விரலிடுக்கில் உருவினால் அடங்கும். மாற்ற முடிந்தால் பாலியஸ்டர் நூலுக்கு மாறிவிடுங்கள். மழைக்காலத்தில் இறுகி வெயில் காலத்தில் தொங்குவதும் பருத்தி, லினன் நூல்களின் குணம்தான். பாலியஸ்டர் அந்த அளவுக்கு ஆடாது.

பாய்மரம் வளைந்துவிட்டது: ஒரு கயிற்றைக் கட்டியதுமே முடிச்சில் பசை வைத்திருப்பீர்கள். எதிர்த்து இழுக்கும் கயிறு வரும்வரை எந்த முடிச்சையும் முடிக்கக் கூடாது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் ஷ்ரவுட் கயிறுகளை வலப்பக்கம் ஒரு ஜோடி, இடப்பக்கம் ஒரு ஜோடி என்று முன்னிருந்து பின்னாக மாற்றி மாற்றிப் போடுங்கள். முடிச்சுக்கு நீர்த்த வெள்ளைப் பசைதான். சூப்பர் குளூ பளபளக்கும், நூலை உடையவும் வைக்கும். வெள்ளைப் பசை என்றால் ஒரு சொட்டு ஆல்கஹாலில் திரும்ப இளக்கி, இழுவையைச் சரிசெய்யலாம்.

ஷ்ரவுட்கள் நடுவில் இடுப்பு பிடித்ததுபோல் உள்ளே குவிகின்றன: ஏணிப்படிபோல் குறுக்கே கட்டும் ராட்லைன் கயிற்றை ஒவ்வொன்றிலும் துளி அதிகம் இழுத்திருக்கிறீர்கள். ஒன்றில் தெரியாது, பத்தில் தெரியும். எல்லாவற்றையும் வெட்டவேண்டாம். குவிந்த இடத்தில் மட்டும் வெட்டி, ஷ்ரவுட்களுக்குக் குறுக்கே ஒரு நேர்க்கம்பியைத் தற்காலிகமாகக் கட்டி அகலத்தை நிலைநிறுத்துங்கள். பிறகு கீழிருந்து வரிசையாகப் போகாமல், ஆறு வரிசைக்கு ஒன்று முதலில் கட்டி, இடையை நிரப்புங்கள். பின்னால் கோடு போட்ட அட்டை ஒன்றைச் செருகிக்கொண்டால் கண்ணுக்கு வேலை குறையும். நிஜக் கப்பலில் படிக்குப் படி 13 முதல் 15 அங்குலம். 1:64 அளவில் 5.2 முதல் 6 மி.மீ. இதைவிட அகலமாகப் போட்டால் அந்த ஏணியில் ஏற ராட்சத மாலுமி வேண்டும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாடலில் வெள்ளைப் பொடி

பீரங்கியோ நங்கூரமோ வீங்கி, பெயின்ட் வெடித்து, வெள்ளையாக உதிர்ந்தால் அது தூசியல்ல. ஈயம் கலந்த வார்ப்பு அரிக்கப்படுகிறது. பெட்டியின் மரத்திலிருந்தும் சில பசை, பெயின்ட்களிலிருந்தும் வெளிவரும் அசிட்டிக் அமில ஆவி மூடிய காற்றில் சேர்ந்து ஈயத்தை ஈயக் கார்பனேட்டாக மாற்றுகிறது. ஓக் மரம் இதில் முதல் குற்றவாளி. இந்தப் பொடி நச்சு: ஊதாதீர்கள், உலர்ந்த தூரிகையால் தட்டாதீர்கள். கையுறையும் மாஸ்க்கும் போட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை மூடிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பாதிக்கப்பட்ட உறுப்பைச் சுத்தம் செய்து வார்னிஷ் பூசி வைத்தாலும் அரிப்பு உள்ளே தொடரும். பித்தளையிலோ ரெசினிலோ ஈயமில்லாத உலோகத்திலோ மாற்றிவிடுங்கள். பழைய கிட்களின் வார்ப்புகளில் இந்தச் சந்தேகம் எப்போதும் இருக்கட்டும்.

பெட்டியையும் கூடவே சரிசெய்யாவிட்டால் மாற்றிய உறுப்பைத் தவிர மற்றவை அடுத்ததாக வெளுக்கும். ஓக் அடிப்பலகை இருந்தால் எடுத்துவிட்டு, அக்ரிலிக்கோ கண்ணாடியோ போடுங்கள். அடியில் இரண்டு, மேலே இரண்டு என்று எதிரெதிர் மூலைகளில் காற்றுத் துளை விடுங்கள்; தூசி வராமலிருக்க அவற்றின் உள்பக்கம் மெல்லிய வலைத்துணி ஒட்டினால் போதும்.